மரைத்துளையின் வரலாறு: 10 மில்லிமீட்டர் ஆணிக்கு 8.5 மில்லிமீட்டர் துளை ஏன்?

இந்தியாவின் எந்தத் தொழிற்பயிற்சி நிலையத்திலும் ஃபிட்டர் பிரிவு மாணவரிடம் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். எம்10 மரையாணி பொருந்த வேண்டிய இடத்தில் முதலில் எவ்வளவு பெரிய துளை இட வேண்டும்? 8.5 மில்லிமீட்டர் என்று தயங்காமல் விடை வரும். வாய்பாடும் உடன் வரும்: ஆணியின் விட்டத்திலிருந்து பிட்சைக் கழிக்க வேண்டும், 10-இலிருந்து 1.5 போக 8.5. ஏன் பிட்ச் அளவைக் கழிக்க வேண்டும், அதைவிடக் கூடவோ குறையவோ ஏன் கழிக்கக் கூடாது என்று தொடர்ந்து கேட்டால்தான் தயக்கம் தோன்றும்.

அத்தயக்கத்திற்கு மாணவர் பொறுப்பல்லர். நம் பாடநூல்கள் இவ்வாய்பாட்டை வடிவியலின் விதியைப் போலத் தந்துவிட்டு அடுத்த பயிற்சிக்குச் சென்றுவிடுகின்றன. இந்த 8.5 நூறாண்டுகளுக்கு மேலாகப் பட்டறைகளில் நடந்த ஒரு பேரத்தின் முடிவு என்பதும், அந்தப் பேரம் நாளடைவில் பன்னாட்டு நியமத்தின் இலக்கணமாகவே எழுதப்பட்டுவிட்டது என்பதும் இப்பதிவின் வாதம். இந்தியத் தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோருக்கு இத்துளை ஏன் முக்கியம் என்பதையும் இறுதியில் சொல்ல முயல்கிறேன்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஆணியின் உடலைச் சுற்றிச் செல்லும் திருகுவரியை நம் பட்டறைகள் மரை என்கின்றன. அடுத்தடுத்த இரு மரைமுகடுகளுக்கு இடைப்பட்ட தூரம் பிட்ச். உலோகத்துக்குள் மரை வேண்டுமெனில் முதலில் டிரில்லால் வழவழப்பான துளை இடுவர். பிறகு டேப் என்னும் கருவியை அதனுள் திருகி, துளையின் சுவரில் மரை வெட்டுவர். ஆகவே டிரில்லின் அளவு என்பது, டேப் வெட்டுவதற்கு எவ்வளவு உலோகத்தை மிச்சம் வைக்கிறோம் என்பதன் அளவு.

துளையை ஆணியின் முழு விட்டத்துக்கே இட்டால் வெட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது; ஆணி பிடியின்றி நழுவும். மரையின் அடி விட்டத்துக்கே இட்டால் டேப் முழு மரையையும் வெட்டியாக வேண்டும். சீவல் வெளியேற இடமில்லாமல் அடைத்துக்கொள்ளும், முறுக்குவிசை ஏறும், கடினமாயினும் எளிதில் நொறுங்கும் எஃகாலான டேப் துளைக்குள்ளேயே முறியும். முறிந்த துண்டைச் சாதாரண டிரில்லால் குடைந்து எடுக்கவும் இயலாது. டிரில்லுக்கு நிகரான கடினம் அதற்கும் உண்டு. பல மணி நேரம் கடைந்து முடித்த வார்ப்பு ஒரு கடைசித் துளையால் வீணாவது இப்படித்தான். பிடியின் வலிமை ஒரு தட்டிலும், டேப்பின் உயிர் மறு தட்டிலும் இருக்கின்றன. துளையின் அளவு இவ்விரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்க வேண்டும். எங்கே என்பதுதான் வரலாற்றுக் கேள்வி.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கேள்விக்குப் பொது விடை இருந்திருக்க முடியாது. இங்கிலாந்தின் ஒவ்வொரு பட்டறையும் தன் டேப்பைத் தானே செய்துகொண்டது. தன் பிட்சையும் கோணத்தையும் தானே வகுத்துக்கொண்டது. ஒரு பட்டறையின் ஆணி இன்னொரு பட்டறையின் துளையில் ஏறாது. லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி 1800-ஐ ஒட்டி உருவாக்கிய மரைகடையும் லேத் திருத்தமான திருகுகளைச் செய்ய வழிவகுத்தது. ஆனால் ஒருவர் திருத்தமாகச் செய்வது வேறு, எல்லோரும் ஒன்றுபோலச் செய்வது வேறு. இரண்டாவது சிக்கலைக் கையில் எடுத்தவர், மாட்ஸ்லியின் பட்டறையில் பணியாற்றிய ஜோசப் விட்வொர்த்.

1841-இல் லண்டன் சிவில் பொறியாளர் கழகத்தில் சீரான மரை முறைமை பற்றி அவர் ஒரு கட்டுரை அளித்தார். சிறந்த மரை எதுவெனக் கோட்பாட்டிலிருந்து வருவிக்க அவர் முயலவில்லை. நாட்டின் முன்னணிப் பட்டறைகள் பயன்படுத்திய ஆணிகளைத் திரட்டி, அளந்து, சராசரி கண்டார். 55 பாகைக் கோணம் அப்படி வந்தது. கால் அங்குல ஆணிக்கு ஓர் அங்குலத்தில் 20 மரைகள், அரை அங்குல ஆணிக்கு 12 மரைகள் என்பது போன்ற அட்டவணையும் அப்படியே வந்தது. முக்கோணத்தின் மேலும் கீழும் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு வெட்டப்பட்டு, முகடும் பள்ளமும் வளைவாக்கப்பட்டன. ஆக, உலகின் முதல் தேசிய மரைநியமமே ஒரு நடுவழித் தீர்வு. யாருடைய மரையும் முழுமையாக வெல்லாத ஏற்பாடு.

அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் இதனை ஏற்கவில்லை. 1864 ஏப்ரலில் பிலடெல்பியாவின் ஃபிராங்க்ளின் நிறுவனத்தில் அவர் முன்வைத்த மாற்றுமுறை 60 பாகைக் கோணமும் தட்டையான முகடும் கொண்டது. சமபக்க முக்கோணத்தின் கோணம் என்பதால் 60 பாகையை அமைப்பதும் சரிபார்ப்பதும் எளிது, 55 அப்படியன்று. வளைந்த முகடும் பள்ளமும் ஆணியிலும் அதன் துளையிலும் ஒன்றோடொன்று பொருந்துமாறு செய்வதற்குத் தனிக் கருவிகளும் கூடுதல் திறனும் வேண்டும். தட்டை முகட்டைச் சாதாரணப் பட்டறையும் செய்துவிடும். இந்த விவாதத்தை விரிவாக ஆராய்ந்த வரலாற்றாசிரியர் புரூஸ் சின்க்ளேர். கோணம் பற்றிய வாதத்திற்குள், யார் செய்வது, எவ்வளவு செலவில் செய்வது என்ற உழைப்பின் கணக்கு இருப்பதைக் கவனிக்க வேண்டும். 1868-இல் அமெரிக்கக் கடற்படை செல்லர்ஸ் முறையை ஏற்றது.

இதே பத்தாண்டில் நிகழ்ந்த இன்னொரு மாற்றம் மரை பற்றிய வரலாறுகளில் போதிய இடம் பெறுவதில்லை. அதுவரை பரவலாக இருந்தது கொல்லுலையில் அடித்துத் தீட்டிய தட்டை டிரில். அதன் முனை தீட்டப்பட்ட விதத்தைப் பொறுத்துத் துளை பெரிதாகவோ சிறிதாகவோ வரும். 1863-இல் ஸ்டீபன் மோர்ஸ் முறுக்கு டிரில்லுக்குக் காப்புரிமை பெற்றார். தொழிற்சாலையில் குறித்த விட்டத்தில் செய்யப்பட்டு, எண்ணிட்டு விற்கப்படும் டிரில் வந்த பிறகே, இந்த மரைக்கு இந்த டிரில் என்ற அட்டவணைக்குப் பொருள் உண்டாகிறது. அங்குலப் பின்னங்களுக்கு இடையில் விழும் அளவுகளை நிரப்ப 1 முதல் 80 வரை எண்வரிசையும், ஏ முதல் இசட் வரை எழுத்துவரிசையும் வழக்கில் நிலைத்தன. கால் அங்குலம், 20 மரை கொண்ட ஆணிக்கு 7-ஆம் எண் டிரில் என்பது அந்த அட்டவணையின் புகழ்பெற்ற வரி. அதன் விட்டம் 0.201 அங்குலம். 0.250-இலிருந்து பிட்ச் 0.050-ஐக் கழித்தால் 0.200. மில்லிமீட்டர் பட்டறையில் நம் மாணவர் ஒப்பிக்கும் அதே வாய்பாடு!

இனி அந்த வாய்பாட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். செல்லர்ஸ் மரையில் முக்கோணத்தின் மேலும் கீழும் உயரத்தில் எட்டில் ஒரு பங்கு வெட்டப்படுகிறது. எஞ்சும் ஆழம் பிட்சின் 0.6495 மடங்கு. துளையின் இருபுறத்துக்கும் சேர்த்து 1.299 மடங்கு. நாம் கழிப்பதோ ஒரு மடங்கு பிட்ச் மட்டுமே. ஒன்றை 1.299-ஆல் வகுத்தால் 0.77. அதாவது, இவ்வாய்பாட்டைப் பின்பற்றுவோர் முழு மரையில் 77 சதவீதத்தை மட்டுமே வெட்டுகின்றனர். 23 சதவீதத்தைத் தெரிந்தே விட்டுவிடுகின்றனர். விட்வொர்த் மரைக்குக் கணக்கிட்டாலும் 78 சதவீதம் வரும்.

விட்டுக்கொடுத்ததால் இழப்பு என்ன? அமெரிக்கப் பட்டறைக் கையேடுகளில் நெடுங்காலமாக வரும் கணக்கு இது: முழு மரை, முக்கால் மரையைவிட ஏறத்தாழ 5 சதவீதமே கூடுதல் வலிமை உடையது; அதை வெட்ட வேண்டிய விசையோ மும்மடங்கு. 60 சதவீதத்திற்கு மேல் வலிமை குறிப்பிடத்தக்க அளவு உயர்வதில்லை என்றும் அவை கூறுகின்றன. மரை போதிய நீளத்திற்குப் பிடித்திருந்தால், இழுவிசை மிகும்போது ஆணிதான் முறியும். துளையின் மரை உரியாது. ஆகவே கடைசிக் கால் பங்கு மரை, டேப்பை முறிப்பதற்கு மட்டுமே பயன்படுவது. நுனிக்கொம்பர் ஏறியவர் அதற்கு மேலும் ஊக்கினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்த 77 சதவீதம் அடுத்துப் பெறும் மாற்றத்தைப் புரிந்துகொள்ள இரண்டாம் உலகப்போருக்குச் செல்ல வேண்டும். 1940-இல் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவில் செய்ய பேக்கார்டு நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொண்டது. உதிரிப்பாகங்கள் அட்லாண்டிக்கின் இருகரையிலும் ஒன்றாகப் பொருந்த வேண்டும் என்பதால் எஞ்சினின் மரைகள் பிரிட்டிஷ் மரைகளாகவே இருக்க வேண்டியிருந்தது. அவற்றுக்கான டேப்களும் டைகளும் அமெரிக்கச் சந்தையில் கிடைக்கவில்லை. பேக்கார்டு தானே செய்துகொண்டது. நட்பு நாடுகள், ஒரே மொழி, ஒரே அங்குலம். இருந்தும் 55 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையிலான 5 பாகை ஒரு பெரும் போர்க்காலத் தொழிற்சிக்கலாயிற்று.

1948 நவம்பர் 18 அன்று வாஷிங்டனில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்றும் ஒருங்கிணைந்த மரைக்கு ஒப்பமிட்டன. கோணம் அமெரிக்காவின் 60 பாகை. ஆணியின் பள்ளத்தில் வளைவு என்பது பிரிட்டன் வற்புறுத்தி வந்த பண்பு. இன்று உலகெங்கும் வழங்கும் ஐஎஸ்ஓ மெட்ரிக் மரையின் அடிப்படை வடிவமும் இதுவே. பன்னாட்டுத் தரநிர்ணய அமைப்பாகிய ஐஎஸ்ஓ 1947-இல் தோன்றியது. அதன் தொழில்நுட்பக் குழுக்களில் 1-ஆம் எண்ணைப் பெற்றது மரைகளுக்கான குழு என்பது தற்செயல் என்று தோன்றவில்லை.

இந்தப் புதிய வடிவத்தில்தான் நான் சுட்ட விரும்பும் மாற்றம் உள்ளது. துளைக்குள் இருக்கும் மரையின் முகடு இப்போது எட்டில் ஒரு பங்கன்று, கால் பங்கு வெட்டப்படுகிறது. எஞ்சும் ஆழம் பிட்சின் 0.5413 மடங்கு, இருபுறத்துக்கும் 1.0825 மடங்கு. பழைய வாய்பாட்டை இப்புதிய முழுமையோடு ஒப்பிட்டால் 92 சதவீதம் வருகிறது. எம்10-க்கான துளை அதே 8.5 மில்லிமீட்டர்தான். டிரில் மாறவில்லை, உலோகம் மாறவில்லை. ஆனால் 77 சதவீதமாக இருந்த மரை 92 சதவீதமாகிவிட்டது. மாறியது அளவுகோல். பட்டறை தன் டேப்பைக் காக்கச் செய்துவந்த விட்டுக்கொடுப்பு, நியமத்தின் முழுமைக்குள்ளேயே இடம்பெற்றுவிட்டது என்று இதை வாசிக்கிறேன். நியமம் மேலிருந்து கீழே இறங்குகிறது, பட்டறை அதற்குக் கீழ்ப்படிகிறது என்ற வழக்கமான சித்திரத்திற்கு இது எதிர்ச்சான்று. 75 சதவீத மரை என்று ஒரு நூல் சொல்லும்போது, எதில் 75 சதவீதம் என்று மாணவர்கள் கேட்க வேண்டியதற்கும் இதுவே காரணம்.

அட்டவணை தூய கணிதமன்று என்பதற்கு இன்னொரு சிறு சான்று. எம்8-க்கு பிட்ச் 1.25, வாய்பாட்டின்படி 6.75 வர வேண்டும். டேப்புக்கு முன் இட வேண்டிய துளைகளுக்கான ஐஎஸ்ஓ 2306 தருவது 6.8. எம்12-க்கு பிட்ச் 1.75, வாய்பாடு தருவது 10.25, அட்டவணை தருவது 10.2. ஒன்று மேல்நோக்கி முழுமையாக்கப்படுகிறது, மற்றொன்று கீழ்நோக்கி. இரண்டுமே நியமத்தின் ஏற்பு எல்லைக்குள் நிற்கின்றன. எம்8-இன் உள்விட்டம் 6.647 முதல் 6.912 வரையும், எம்12-இன் உள்விட்டம் 10.106 முதல் 10.441 வரையும் இருக்கலாம் என வழக்கமான 6எச் வகுப்பு அனுமதிக்கிறது. கடையில் எளிதாகக் கிடைக்கும் டிரில் அந்த எல்லைக்குள் விழுந்தால் போதும்.

இனி இந்தியாவுக்கு வருவோம். இங்கே விட்வொர்த் மரை ரயிலேறி வந்தது. 1862-இல் தொடங்கிய ஜமால்பூர் பணிமனை போன்ற இடங்களில், பிரிட்டனிலிருந்து வந்த எஞ்சின்களைப் பழுதுபார்க்க பிரிட்டனின் மரையே வேண்டியிருந்தது. 1901-இல் லண்டனில் அமைந்த பொறியியல் நியமக் குழு எடுத்துக்கொண்ட தொடக்ககாலப் பணிகளுள் ஒன்று இந்திய ரயில்வேக்கான நியம எஞ்சின் வடிவங்களை வகுப்பது. ஆகவே நியமமாக்கல் என்பது நமக்குப் பின்னாளில் வந்துசேர்ந்த கருத்தன்று. குடியேற்ற ஆட்சிக்காலத்துப் பணிமனையிலேயே அதன் வேர் உள்ளது.

விடுதலைக்குப் பின் படம் சிக்கலானது. 1953-இல் பெங்களூரில் ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் கூட்டுறவோடும், 1954-இல் டெல்கோ லாரிகள் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் கூட்டுறவோடும் வந்தன; இவை மில்லிமீட்டர் நாடுகள். அம்பாசிடரும் புல்லட்டும் பிரிட்டிஷ் வடிவங்கள். 1959-இல் மூன்று பொதுத்துறை எஃகு ஆலைகளின் உலைகள் எரியத் தொடங்கின: ரூர்கேலா ஜெர்மன் உதவியோடு, பிலாய் சோவியத் உதவியோடு, துர்காப்பூர் பிரிட்டிஷ் உதவியோடு. கூட்டுச்சேராக் கொள்கையின் வெற்றியாக நம் வரலாற்று நூல்கள் இதை எழுதுகின்றன. கருவிக்கிடங்குப் பொறுப்பாளரின் இடத்திலிருந்து பார்த்தால் அது எத்தனை வகை டேப், எத்தனை வரிசை டிரில் வாங்கிவைப்பது என்ற கேள்வி.

அதே ஆண்டுகளில் நாடு மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. 1956-இல் எடை அளவுச் சட்டம். 1957 ஏப்ரலில் பதின்ம நாணயம். 1958 முதல் படிப்படியாகக் கிலோகிராமும் மீட்டரும். 1947-இல் தொடங்கப்பட்ட இந்தியத் தர நிறுவனம், அதன் முதல் இயக்குநர் லால் சந்த் வர்மன் தலைமையில், இம்மாற்றத்தின் அறிவுத்தளமாக இருந்தது. ஐஎஸ்ஓ மெட்ரிக் மரை ஐஎஸ் 4218 என்ற எண்ணில் இந்திய நியமமாயிற்று. மளிகைக்கடையில் சேரும் வீசையும் மறைந்தன. பழைய படிக்கல்லைப் பறிமுதல் செய்தால் பழைய முறை போய்விடும்.

துளையை அப்படிப் பறிமுதல் செய்ய முடியாது. ஆணி தேய்ந்தால் புதியது வாங்கலாம். துளையோ எஞ்சினின் உடலில், லேத்தின் படுகையில், பாலத்தின் எஃகில் இருக்கிறது. அந்த எந்திரம் ஓடும்வரை அத்துளைக்குப் பொருந்தும் ஆணியையும், அதைச் சீர்செய்யும் டேப்பையும், அந்த டேப்புக்கான டிரில்லையும் நாடு வைத்திருந்தாக வேண்டும். ஏமாற்றமும் எளிது. 5/16 அங்குல ஆணியின் விட்டம் 7.94 மில்லிமீட்டர், எம்8-இன் விட்டம் 8. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் முதலாவதன் பிட்ச், விட்வொர்த் முறையில், 1.41 மில்லிமீட்டர், இரண்டாவதன் பிட்ச் 1.25. ஒன்றின் ஆணி மற்றதன் துளையில் ஒரு சுற்று, இரண்டு சுற்று ஏறி இறுகும். அதற்கு மேல் சாவியால் முடுக்கினால் இரண்டின் மரையும் கெடும். ஆணியை எடுத்தெறியலாம், கெட்ட துளையை என்ன செய்வது?

சில இடங்களில் பழைய மரை நியமத்தாலேயே நிலைத்துவிட்டது. உங்கள் வீட்டுக் குளியலறைக் குழாயின் அரை அங்குல மரையைப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு 14 மரை, 55 பாகைக் கோணம்: விட்வொர்த்தின் மரை. ஐஎஸ்ஓ 7-உம் அதை ஒட்டிய இந்திய நியமமான ஐஎஸ் 554-உம் அதையே ஏற்றுக்கொண்டுள்ளன. சுவர்களுக்குள் புதைந்துவிட்ட குழாய்களோடு எந்தச் சட்டமும் வாதாட முடியவில்லை.

மெட்ரிக் மாற்றத்தைப் பற்றிய நம் வரலாறுகள் பெரும்பாலும் நாடாளுமன்றத்தையும் சந்தையையும் நாணயத்தையும் பற்றியவை. அவற்றின் காலவரிசை 1960-களின் தொடக்கத்தோடு முடிந்துவிடுகிறது. பணிமனையின் காலவரிசை அங்கே முடிவதில்லை. ஒரு நியமம் ஏட்டில் ஏறிய நாளுக்கும், பழைய துளைகள் கடைசியாக மூடப்படும் நாளுக்கும் இடையே உள்ள நீண்ட காலமே தொழில்நுட்ப மாற்றத்தின் உண்மையான காலம். அந்தக் காலத்தை யார் சுமந்தார்கள்? இரண்டு அளவுமுறைகளையும் நினைவில் வைத்து, கையில் கிடைத்த டிரில்லைக் கொண்டு சரியான துளையை முடிவுசெய்த தொழிலாளர்கள். அவர்களுடைய அறிவு நம் ஆய்வுகளில் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறுவதில்லை.

எனவே ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய ரயில்வே பணிமனைகள், துறைமுகப் பட்டறைகள், பாலிடெக்னிக்குகள் ஆகியவற்றின் சுவர்களில் ஒட்டப்பட்ட டேப் டிரில் அட்டவணைகளும், எந்த ஆண்டில் எந்த அளவு டேப் எத்தனை வாங்கப்பட்டது என்று காட்டும் கிடங்குப் பதிவேடுகளும் முதன்மைச் சான்றுகள். விட்வொர்த் டேப்பின் கொள்முதல் எந்த ஆண்டில் நின்றது என்பதை அரசாணை சொல்லாது, பதிவேடு சொல்லும். இவற்றை ஆவணக்காப்பகத்திற்கு உரியவை என்று யாரும் கருதுவதில்லை. பணிமனைக்கு வெள்ளையடிக்கும்போதோ கிடங்கைக் காலி செய்யும்போதோ போய்விடும். உங்கள் ஊர்ப் பணிமனையில் அப்படி ஒன்று கண்ணில் பட்டால், அனுமதி பெற்றுப் படமெடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்து வையுங்கள். ஃபிட்டர் வகுப்பெடுக்கும் ஆசிரிய நண்பர்கள், அடுத்த முறை வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதும்போது, விட்டுவிட்ட அந்த 23 சதவீதத்தைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசினால் நன்று.